பனங்காடை மூடிக்கொண்ட நீலம்

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், பனங்காடையின் உடம்பில் ஒரு பொட்டு நீலம் கிடையாது. தலையிலிருந்து வால் நுனி வரைக்கும் காய்ந்த சருகு நிறம். கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையைப் பார்த்துவிட்டு, "இப்பவும் அப்படித்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாத ஒருத்தனால்தான் இந்தக் கதையே வந்தது.

அவன் பெயர் சருகன். பெயரிலேயே அவன் தலையெழுத்து இருந்தது. கவுதாரி, தவிட்டுக்குருவி, வானம்பாடி என்று காட்டில் பாதிப் பறவைகள் மண் நிறம்தான். ஆனால் பனங்காடை ஆண்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பார்கள். பெற்ற தாய்க்கே குழப்பம் வரும்.

பங்குனிப் பௌர்ணமி காலையில் பனங்காட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். பெண் பனங்காடைகள் மொட்டைப் பனைகளின் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். ஆண்கள் ஒவ்வொருவராக முன்னால் பறந்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அன்றைக்கே பனைப்பொந்தில் குடித்தனம். பிடிக்காவிட்டால் அடுத்த பங்குனி வரைக்கும் ஒண்டிக்கட்டை.

சருகன் இரண்டு பங்குனிகள் ஒண்டிக்கட்டையாக இருந்துவிட்டான். மணிக்கண்ணி என்று ஒரு பெண். அவள்மேல் அவனுக்கு உயிர். முதல் வருஷம் அவள் முன்னால் ஏழு தடவை பறந்தான். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவள் அவனைக் கவனிக்கவே இல்லை. இரண்டாம் வருஷம் துணிந்து பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போன வருஷம் வந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான்.

மணிக்கண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பத்தான் ஒருத்தன் வந்து இதையே கேட்டுட்டுப் போனான். அது நீயா, வேற ஆளா?"

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. "எல்லாரும் ஒண்ணாவே இருக்காங்க, இதுல யாரைப் பிடிக்கறது, யாரை விடறது?" என்று அலுத்துக்கொண்டு இரண்டு வருஷமும் தனியாகவே திரும்பிப் போனாள். "அடுத்த வருஷமும் இப்படித்தான்னா நான் ஏரிக்கு அக்கரைக்குப் போயிடறேன், அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று தோழிகளிடம் சொன்னது சருகன் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கிளையில் உட்காருவான், எழுவான், அடுத்த கிளைக்குப் போவான். பூச்சியைப் பிடித்தால் விழுங்க மறந்துபோகும். அவள் கண்ணில் பட வேண்டும். ஒரே ஒரு தடவை அவள் கண்ணில் பட்டு மனசில் நின்றுவிட வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பனங்காட்டு ஓரத்தில் அங்காயி என்று ஒருத்தி இருந்தாள். சொந்தமாகத் தறி வைத்திருந்தாள். தறிக்கு வேண்டிய நூலுக்குத் தானே வீட்டு முற்றத்தில் சாயம் போடுவாள். மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கு, சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. அவுரிச் செடியைக் கொல்லையில் அவளே வளர்த்தாள். அந்த வருஷம் வெட்டுக்கிளி இறங்கிவிட்டது. காலையில் இருந்த இலை சாயங்காலம் இல்லை. அங்காயி ஒரு முறத்தை வைத்துக்கொண்டு கொல்லை முழுக்க அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோய் நின்றாள்.

வேலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த சருகன் கேட்டான்: "அக்கா, இந்தச் செடியிலேர்ந்தா நீ நீலம் எடுக்கறே?"

"எடுத்தேன். இனிமே வெட்டுக்கிளிதான் எடுக்கும்."

"நான் ஒத்தையா நின்னு எல்லாத்தையும் தின்னுடறேன். எனக்கு ஒண்ணு செய்வியா?"

"என்ன வேணும்?"

"உன் நூலை முக்கற மாதிரி என்னையும் முக்கி எடுக்கணும்."

அங்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் சிரிக்காமல் நின்றான். மணிக்கண்ணி விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னான், மூச்சு விடாமல் சொன்னான். கேட்டு முடித்தபோது அங்காயியும் சிரிக்கவில்லை. "சரிடா. வார்த்தை கொடுத்தேன். பங்குனிப் பௌர்ணமிக்கு முன்னாடி உன்னை நீலமாக்கி அனுப்பறேன்" என்றாள்.

தை போயிற்று, மாசி போயிற்று. சருகன் கொல்லையைவிட்டு நகரவில்லை. ஒரு வெட்டுக்கிளிக்கு இலையில் கால் வைக்க இடம் கொடுக்கவில்லை. அவுரி இடுப்பளவுக்கு வளர்ந்தது. அங்காயி அறுத்தாள், தண்ணீரில் ஊறப்போட்டாள், அந்தத் தண்ணீரை அடித்தாள், அடியில் தங்கிய நீல வண்டலைக் காயவைத்துக் கட்டியாக்கினாள். சருகன் அந்தக் கட்டியைப் பார்த்ததும், "இதோ நீலம் வந்துடுச்சே, என் மேல பூசிவிடு" என்று குதித்தான்.

"பூசினா ஒரு மழைக்குப் போயிடும். ஒட்டணும்னா பானை வைக்கணும்."

நீலப்பானை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய பானை. அதில் இடித்த நீலக்கட்டி, சுண்ணாம்புத் தண்ணீர், வேகவைத்த தகரை விதை, கொஞ்சம் பனைவெல்லம். மூடி, ஓரத்தைத் துணியால் கட்டி, நாலு நாள் விட்டுவிட வேண்டும். உள்ளே புளித்துப் பழுக்கும். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், அங்காயி வீட்டுப்பக்கம் வந்த விருந்தாளி வாசலோடு திரும்பிப் போவார். பழுத்துவிட்டால் தண்ணீர் நீலமாக இருக்காது. மேலே செம்பு நிறத்தில் ஓர் ஏடு, அடியில் மஞ்சளும் பச்சையுமான தண்ணீர். சாயம் போடுகிறவர்களுக்கு அது தெரியும். பனங்காடைக்கு எப்படித் தெரியும்?

பௌர்ணமிக்கு ஏழு நாள் முன்னாலேயே அங்காயி பானை வைத்தாள். நாலு நாளில் பழுத்தால் மூன்று நாள் கையில் மிச்சம், நிதானமாக மூன்று முறை முக்கலாம் என்று கணக்குப் போட்டாள். அங்காயி கணக்கில் தப்பில்லை. சருகனை அந்தக் கணக்கில் சேர்க்காததுதான் தப்பு.

முதல் நாள் மத்தியானமே வந்து துணியை மூக்கால் இழுத்து, மூடியைத் தள்ளி எட்டிப் பார்த்தான். நீலமாகத்தான் இருந்தது. சாயங்காலம் மறுபடி பார்த்தான். அடுத்த நாள் நாலு தடவை. அங்காயி சாதம் வடிக்க உள்ளே போனால் போதும், இவன் மூடிமேல் இருப்பான்.

மூன்றாம் நாள் அங்காயி வந்து பார்த்தாள். மூடி ஒரு பக்கம் கிடந்தது.

"யார்டா மூடியைத் தள்ளினது?"

"காத்து."

"உள்ளே காத்து போகக்கூடாதுன்னுதானே மூடி, துணி கட்டி வச்சிருக்கேன்? காத்து பட்டா பழுத்துக்கிட்டு இருக்கற பானை பழையபடி ஆயிடும். காத்து ஆகாதுடா சாயத்துக்கு. பானைக்குள்ள இருக்கறவரைக்கும் காத்து ஆகாது, வெளிய எடுத்தப்புறம்..."

முன்பாதியைக் கேட்டுவிட்டு, தன்னால்தான் கெட்டது என்று தெரிந்ததும் முகத்தைக் காட்ட முடியாமல் அவன் பறந்துவிட்டான். பின்பாதியை அங்காயி காலி வேலியிடம் சொல்லி முடித்தாள். கேட்கிற காது இருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

நாலு நாளில் பழுக்க வேண்டிய பானை ஏழு நாள் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த நாலு நாளும் சருகன் ஏரிக்கரைக்கும் கொல்லைக்கும் நடுவே அலைந்தான். மூடியைத் தொடவில்லை, தொடப் பயம். ஆனால் வேலியில் நின்று, "ஆச்சாக்கா?" என்பான். "ஆகலை" என்பாள். நாலு கிளை மாறிவிட்டு வந்து, "இப்ப?" என்பான். ஆறாம் நாள் அங்காயி பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் பதைப்புதான். கொடுத்த வார்த்தை தப்பிப்போகுமோ என்று பானையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பௌர்ணமி விடிந்தது. அங்காயி மூடியைத் திறந்தாள். மேலே செம்பு ஏடு மினுமினுத்தது. நகத்தை விட்டு எடுத்துப் பார்த்து, "பழுத்துடுச்சு, வாடா" என்றாள்.

அதே நேரம் பனங்காட்டிலிருந்து குரல் எழும்பியது. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சருகன் அந்தப் பக்கம் ஒரு கண்ணும் பானைமேல் ஒரு கண்ணுமாக, பானையின் விளிம்பில் நிற்க முடியாமல் நின்றான்.

"மூணு முங்கு போடணும். ஒரு முங்குக்கும் அடுத்த முங்குக்கும் நடுவுல..."

"ஒண்ணு போதும்க்கா. அவ போயிடுவா. ஒண்ணே ஒண்ணு."

"சொல்றதைக் கேளு. வெளிய வந்ததும் உடம்பைப் பாத்துப் பயந்துடாதே. கொஞ்ச நேரம்..."

"முக்கு, முக்கு, முக்கு."

அங்காயி பெருமூச்சுவிட்டு, அவனை நெஞ்சோடு சேர்த்துக் கையில் பிடித்தாள். உச்சந்தலை, இறக்கை, வயிறு, வால் எல்லாம் நனைய ஒரு முக்கு முக்கினாள். அவள் விரல் பிடித்திருந்த நெஞ்சில் மட்டும் சாயம் போகவில்லை. பத்து எண்ணும்வரை வைத்திருந்து, வெளியே எடுத்து, தரையில் விட்டாள்.

சருகன் முதல் வேலையாகப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியில் தன்னைப் பார்த்தான்.

நீலம் இல்லை. பித்த வாந்தி நிறம். மஞ்சளும் பச்சையும் கலந்து, நோய்வந்து பாசி பிடித்ததுபோல் இருந்தான். சருகு நிறமாவது பரவாயில்லை. இந்தக் கோலத்தில் அவள் முன்னால் போனால், அவள் கண்ணில் படுவான்தான், அவள் விழுந்து விழுந்து சிரிக்கத்தான் படுவான்.

"அக்கா, என்ன பண்ணிட்டே என்னை?"

"விரிடா. இறக்கையை விரிச்சு நில்லு, காத்து..."

காத்து என்ற சொல்தான் காதில் விழுந்தது. காத்து ஆகாது என்று இவளே அன்றைக்குக் கத்தினாளே. ஐயோ, காத்துப் பட்டுத்தான் கெட்டுவிட்டதா, இன்னமும் கெடுமா? வெடுக்கென்று இரண்டு இறக்கையையும் உடம்போடு இறுக்கி மூடிக்கொண்டான். ஓர் இறகு நுனிகூட வெளியே தெரியாமல் மூடிக்கொண்டான். பறக்கவில்லை, பறந்தால் விரிக்க வேண்டுமே. தத்தித் தத்தி வேலிக்கு அடியில் புகுந்து ஓடினான்.

வழியில் வண்டிப்பாதை மண்ணில் விழுந்து புரண்டான். பச்சை தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவன் நினைப்பு. தலை, முதுகெல்லாம் செம்மண் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு சாய்ந்த பனை இருந்தது. அதில் தத்தி ஏறி, காய்ந்த ஓலைகளின் இடுக்கில் ஒண்டிக்கொண்டான். ஈரம் உள்ளே குளிர்ந்தது. எதிரே மொட்டைப் பனை உச்சியில் மணிக்கண்ணி உட்கார்ந்திருந்தாள்.

ஆண்கள் ஒவ்வொருவராகப் பறந்துபோனார்கள். ஒருத்தன் மாதிரியே இன்னொருத்தன், இன்னொருத்தன் மாதிரியே மற்றொருத்தன். மணிக்கண்ணி முதலில் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டு இறகைக் கோதத் தொடங்கினாள். சருகனுக்கு அழுகை வந்தது. அவன்தான் அவளுக்காக இரண்டு மாதம் வெட்டுக்கிளி தின்றான், அவன்தான் நாறும் பானைக்குள் முங்கினான், அவன்தான் ஓலை இடுக்கில் ஒளிந்துகொண்டிருக்கிறான்.

அங்கே கொல்லையில் அங்காயி என்ன செய்தாள்? திறந்த பானையை விட்டுவிட்டு ஒரு பறவைக்குப் பின்னால் ஓட அவளுக்குப் பைத்தியமா? நூலுக்கும் அன்றைக்குத்தானே வேளை. முந்தின நாளே கஞ்சிப்பசை போக வேகவைத்து அலசி, கற்றையாகக் கட்டி வைத்திருந்த நூல்சிட்டம் ஒன்றைப் பானைக்குள் இறக்கினாள். இறக்கினாளே தவிர மனசு அங்கே இல்லை. 'முட்டாப் பயல் இறக்கையை மூடிக்கிட்டே இருப்பானே. உள்ளே காத்துப் போகாம நீலம் எப்படி வரும்? என்னை நம்பித்தானே இத்தனை நாள் காவல் நின்னான்.' அவளால் நிற்க முடியவில்லை. சிட்டத்தைப் பிழிந்து எடுத்து, காற்றுப்படாமல் ஈரத்துணியில் இறுகச் சுற்றிக்கொண்டு பனங்காட்டுக்கு ஓடினாள்.

செம்மண் சுவடு சாய்ந்த பனையில் போய் நின்றது. அங்காயி கீழே நின்று, "சருகா, நான் பேசலை. நீயும் ஒண்ணும் கேக்க வேண்டாம். இதை மட்டும் பாரு" என்றாள்.

துணியைப் பிரித்தாள். உள்ளே இருந்த நூல் அவன் உடம்பு நிறத்திலேயே இருந்தது, அதே மஞ்சள், அதே பச்சை. சருகன் வெட்கப்பட்டுக் கண்ணைத் திருப்பப் போனான். அங்காயி சிட்டத்தை இரண்டு கையாலும் பிரித்து ஓர் உதறு உதறினாள். இன்னொரு உதறு. ஓரத்து இழைகளில் பச்சை கறுத்தது, கறுத்தது நீலமாயிற்று. உதற உதற ஒவ்வோர் இழையாக மாறிக்கொண்டே வந்தது. கடைசி உதறலில் அவள் கையில் முழு நீலம் தொங்கியது.

"வெளிய வந்த சாயத்துக்குக் காத்துதான்டா உயிரு" என்றாள் அங்காயி.

அந்த நேரம் பார்த்து மொட்டைப் பனை உச்சியில் மணிக்கண்ணி எழுந்து நின்றாள். "எனக்குப் போதும். நான் அக்கரைக்குப் போறேன்" என்று தோழிகளிடம் சொன்னாள். ஏரிப்பக்கம் திரும்பி, இறக்கையைத் தூக்கினாள்.

சருகன் தன் இறக்கையை விரிக்கப் பார்த்தான். வரவில்லை. சாயமும் மண்ணும் காய்ந்து பசைபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. முக்கினான், முனகினான், அசையவில்லை. விரித்துவிட்டுப் பறக்க இனி நேரம் இல்லை. மூடிய இறக்கையோடு அப்படியே பனையிலிருந்து குதித்தான்.

கல்லாக விழுந்தான். பாதித் தூரத்தில் காற்று இடதுபக்கம் புகுந்து ஓர் இறக்கை மட்டும் படாரென்று பிரிந்தது. அந்தப் பக்கமாகப் புரண்டான். வலது இறக்கை பிரிந்தது, இந்தப் பக்கமாகப் புரண்டான். தலைகீழாகி, நிமிர்ந்து, மறுபடி தலைகீழாகி, பயத்தில் "க்ராக், க்ராக்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே உருண்டான். ஒவ்வொரு புரளலுக்கும் காற்று ஓர் இறகுவரிசைக்குள் போயிற்று. பச்சை நீலமாயிற்று. இறகின்மேல் இறகு படிந்திருந்த இடம் வெளிர் நீலம், படியாத இடம் அடர் நீலம். தரையைத் தொட ஒரு முழம் இருக்கும்போது இரண்டு இறக்கையும் முழுக்க விரிந்து, பனங்காடே இதுவரை பார்க்காத நீலமாய் மேலே எழும்பினான்.

மணிக்கண்ணி தூக்கிய இறக்கையை இறக்கினாள்.

சருகன் மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்த பனையில் வந்து உட்கார்ந்தான். இறக்கை தானாக மூடிக்கொண்டது. மணிக்கண்ணி பறந்து வந்தாள். வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் உட்கார்ந்ததில்லை.

அவள் அவனைத் தாண்டிக் கீழே புதரைத் தேடினாள், மேலே வானத்தைத் தேடினாள். "இங்க ஒருத்தன் நீலமா விழுந்து எழுந்தானே. எந்தப் பக்கம் போனான், பாத்தியா?"

"நான்தான்."

மணிக்கண்ணி திரும்பிப் பார்த்தாள். செம்மண் முதுகு. காற்றுப்படாமல் பாதியில் நின்றுபோன பச்சை அதில் கொஞ்சம் அழுக்காய்த் தெரிந்தது. அங்காயியின் விரல் பிடித்த நெஞ்சு பழைய சருகாகவே இருந்தது.

"விளையாடாதே. எனக்கு அவனைக் கண்டுபிடிக்கணும். தெரிஞ்சாச் சொல்லு, தெரியலைன்னா விடு."

சருகன் மறுபடி எழும்பி, உயரத்திலிருந்து புரண்டு விழுந்தான். "அதோ" என்றாள் அவள். அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். "மறுபடியும் எங்கேயோ மறைஞ்சிட்டானே" என்றாள்.

கீழே நின்ற அங்காயியால் பொறுக்க முடியவில்லை. "அவன்தான்மா அது. உன் பக்கத்துல இருக்கறவன்தான். என் கையால முக்கினேன்" என்றாள்.

மணிக்கண்ணி யோசித்தாள். "அப்ப இன்னொரு தடவை காட்டட்டும். இந்தத் தடவை நான் கண் கொட்டாமப் பாக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சருகன் பக்கத்திலிருந்து எழும்பினான், நீலமானான், விழுந்தான், எழுந்தான், வந்து உட்கார்ந்தான். சருகானான். அவள் நெருங்கி வந்து அவன் தோளில் தலை சாய்த்தாள். அன்றைக்கே பொந்துக்குள் குடித்தனம் வைத்தார்கள். அவன் சந்தோஷத்துக்கு அளவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மறுநாள் காலையில் அவள் கண் விழித்து, பக்கத்தில் இருந்த சருகு நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெளிய வந்து ஒரு தடவை காட்டேன்" என்றாள்.

அங்காயி நாலு நாள் கழித்து வந்து கூப்பிட்டாள். "இன்னும் ரெண்டு முங்கு இருக்குடா. வா, இந்தத் தடவை நெஞ்சு, முதுகு எல்லாம் சேர்த்து முக்கறேன். உட்கார்ந்தாலும் நீலமாவே இருப்பே." சருகனுக்கு ஆசைதான். ஆனால் கொல்லைக்குப் போய் முங்கி, காய்ந்து வர அரைநாள் ஆகும். அந்த அரைநாளில் மணிக்கண்ணி அந்த நீலக்காரனைத் தேடி எங்கேயாவது கிளம்பிவிட்டால்? "அப்புறமா வரேன்க்கா" என்றான். பானை ஆறிப்போயிற்று. அவன் போகவே இல்லை. அங்காயி அதற்குப் பிறகு எந்தச் சிட்டத்தை வெளியே எடுத்தாலும் முதலில் காற்றில் விரித்து ஓர் உதறு உதறிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள், நீலம் போடுகிற எல்லோரும் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

குஞ்சுகள் பிறந்தன. அப்பன்மேல் ஏறிய சாயம் ஆண் பெண் எல்லாவற்றுக்கும் அப்படியே வந்தது. ஆண்களுக்கு அவனுடைய பதைப்பும் பெண்களுக்கு அவளுடைய சந்தேகமும் கூடவே வந்தன.

அன்று பிடித்துத்தான், பங்குனி வெயிலில் ஒரு பனங்காடை கம்பியில் ஒரு நிமிஷம் இருப்புக்கொள்ளாமல் உயரே எழும்பி, தொண்டை கிழியக் கத்தி, புரண்டு புரண்டு நீலமாய் விழுகிறது. சற்றுத் தள்ளி இன்னொன்று அசையாமல் உட்கார்ந்து, இவன்தானா என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறது.